ஹவாய்த் தீவுகளில் சாலையோரத் தாவர வளர்ப்பு

சாலைக்காக வெட்டிய சரிவுகளிலும் கரைகளிலும் மண்ணரிப்பைத் தடுத்து, களையையும் தீயையும் கட்டுக்குள் வைக்க உயிர்ப்போர்வை அமைக்கும் பணி இது. எரிமலைத் தீவுகளான ஹவாயில் மேல்மண் குறைவு என்பதோடு, அயல்நாட்டுப் புற்களின் போட்டியும் இதைக் கடினமாக்குகிறது.

மண்ணும் மழையும்

வயதில் இளையதான ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் சாலைகள் பல இடங்களில் வெறும் எரிமலைப் பாறையின் மீதே செல்கின்றன. கவாய், ஒவாஹு போன்ற பழைய தீவுகளில் செம்மண் உண்டு. ஆனால் அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்வதால் வேர்களுக்கு அது எளிதில் கிட்டாது. மழையும் ஒரே சீராக இல்லை. ஒரே தீவில் ஹீலோ நகர் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெற, எதிர்க்கரையின் கவாய்ஹாயேவில் சுமார் 250 மி.மீ. மட்டுமே பெய்கிறது.

தாவரங்கள்

வறண்ட பகுதிகளுக்கு ஏற்றது பிலி புல். முன்பு ஹவாய் மக்கள் குடிசை வேய்ந்த இப்புல், இந்தியாவின் வறண்ட புல்வெளிகளிலும் வளர்கிறது. மஞ்சள் பூப்பூக்கும் இலிமா, தமிழகத்திலும் காணப்படும் விராலி ஆகியவையும் பயன்படுகின்றன. கடலோர மணலுக்கு அடும்பு உகந்தது.

நிலைநிறுத்தும் முறை

செங்குத்தான சரிவில் ஆள் நின்று நடுவது கடினம். அதனால் விதை, மரநார்க்கூழ், பசைப்பொருள் ஆகியவற்றை நீரில் கலந்து, டேங்கர் லாரியிலிருந்து குழாய் வழியே பீய்ச்சுகிறார்கள். பிலி விதையின் நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து சுழன்று, விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும். அதே வால்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் விதையைக் கையாள்வது சிரமம். அறுத்த கையோடு விதைத்தால் பெரும்பாலும் முளைக்காது. உலர்த்திப் பல மாதம் வைத்திருந்தால்தான் விதையுறக்கம் கலையும். எனவே சாலைப் பணி முடியுமுன்பே விதை சேகரிப்பைத் தொடங்க வேண்டும்.

களையும் தீயும்

முளைவிட்ட பின் சில காலம் பாசனம் தேவை. ஆனால் அளவுக்கு மிஞ்சிய நீரும் உரமும் வேகமாக வளரும் கினியாப் புல்லுக்கே சாதகமாகும். சுமார் மூன்று மீட்டர் வரை உயரும் அப்புல் காய்ந்தால் தீக்கு இரையாகும். 2023 ஆகஸ்டில் மாவி தீவின் லஹைனா நகர் எரிந்தபோது, பராமரிப்பற்ற நிலங்களில் மண்டிய அயற்புற்கள் தீ பரவத் துணைபோயின. பிலி புல்லும் எரியும். ஆனால் உயரம் குறைவு என்பதால் எரிபொருள் திரள் குறைகிறது. புல்வெட்டும் இயந்திரங்கள் களைவிதைகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதால், இடம் மாறுமுன் அவற்றைக் கழுவுவதும் பராமரிப்பில் அடங்கும்.