துப்பாக்கி யாருடையது சரி, எங்கே இருக்கிறது?

1879இல் நீலகிரிக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கடமானையும் வரையாட்டையும் காப்பாற்ற நினைத்தது உண்மைதான். ஆனால் அடுத்த சீசனில் அவற்றைச் சுடப்போகும் துரைமாருக்காகத்தான் காப்பாற்ற நினைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1877இல், அவர்கள் இங்கே ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். இன்றைக்கு அதுவே காட்டுயிர், சூழல் சங்கமாகப் பெயர் மாறி ஊட்டியில் இயங்குகிறது.

இரண்டுக்கும் நடுவில், 1878இல், லிட்டன் பிரபு இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. 1887இல் மதராஸில் கூடிய காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. இனத்தை வைத்துக் கொடுத்த அந்தச் சலுகை 1920 விதிகளில்தான் போனது.

அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு சட்டங்களும் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். யார் வைத்திருக்கலாம்? எந்த விலங்கைச் சுடலாம்? எந்த மாதத்தில்? வேட்டை முடிந்து பங்களாவுக்குத் திரும்பியதும் அந்தத் துப்பாக்கியை எங்கே வைப்பாய் என்ற கேள்வி மட்டும் இல்லை. கொம்புத் தலைகள் மாட்டிய சுவர்களை ஊட்டி கிளப்பில் இன்றும் பார்க்கலாம். துப்பாக்கிக்கும் அந்தக் காலத்தில் சுவர்தான் இடம். அதே வீட்டில் குழந்தைகளும் வளர்ந்தார்கள், சமையல்காரர் பிள்ளைகளும் ஆயா பிள்ளைகளும் ஓடித் திரிந்தார்கள்.

வயநாட்டைத் தாண்டினால் குடகு. அங்கே கொடவர்களுக்கு 1861 முதல் விலக்கு உண்டு. இன்றைய ஆயுதச் சட்டத்திலும் அது தொடர்கிறது, கடைசியாக 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு. துப்பாக்கி அங்கே பூஜைக்குரிய பொருள். பூஜை செய்கிற பொருளைக் குழந்தைகள் சீக்கிரம் தொட மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கம்மி. குழந்தைகள் எதைத்தான் தொடாமல் விட்டிருக்கிறார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது 1959 ஆயுதச் சட்டம். அதன் 13ஆவது பிரிவில் மலைக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வரி இருக்கிறது: பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற சரிவுகளில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் அருமை புரியும்.

இந்த நாட்டுத் துப்பாக்கியின் இயக்கத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கியை நடுவில் மடக்கினால் தோட்டாவை எடுத்துவிடலாம். குழலைத் தனியாக, கட்டையைத் தனியாகக் கழற்றியும் வைக்கலாம். நாட்டுத் துப்பாக்கியில் அப்படி இல்லை. கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் குச்சியால் இடித்து, மேலே ஈயக்குண்டு போட்டு, மறுபடியும் இடிக்க வேண்டும். பன்றி வந்த பிறகு இதையெல்லாம் செய்துகொண்டிருக்க நேரமில்லை. அதனால் சாயங்காலமே கெட்டித்து வைப்பார்கள். பன்றி வரவில்லை என்றால்? கெட்டித்ததை எடுப்பது கெட்டிப்பதைவிடத் தொல்லையான வேலை. அப்படியே மூலையில் சாத்திவிடத்தான் தோன்றும். ‘குண்டு எடுத்துவிட்டுப் பூட்டி வை’ என்று எந்த நாட்டுச் சட்டமும் சுலபமாகச் சொல்லிவிடும். இந்தக் கருவியில் அந்த வாக்கியத்தின் முதல் பாதியே கஷ்டம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை வேறு விதமாக எண்ணியது. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்கும் லைசென்ஸ்தாரர் தன் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். முதுமலை 1940இலிருந்தே சரணாலயம், ஆகவே மசினகுடிப் பக்கத்து வீடு இந்தக் கணக்கில் வந்துவிடும். மானிலிருந்து துப்பாக்கி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சட்டம் கேட்டுவிட்டது. தொட்டிலிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்கவில்லை.

குழந்தைகளைப் பற்றி ஆயுதச் சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லிவிட முடியாது. 9ஆவது பிரிவு உண்டு. முதலில் 16 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது, 1983இல் அதை 21 ஆக்கினார்கள். அவர்களுக்கு விற்பதும் கைமாற்றுவதும் குற்றம். ஆனால் அப்பாவின் லைசென்ஸ் பக்காவாக இருக்கிறது, துப்பாக்கி டிவி அலமாரியில் இருக்கிறது, பையன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போகிறான் என்றால்? யாரும் யாருக்கும் விற்கவில்லை, கைமாற்றவும் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான ஓட்டை இது. லாகின் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவோம், பாஸ்வேர்ட் மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கும்.

கற்பனைக்காகச் சொல்லவில்லை. 2007 டிசம்பரில் குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் தங்கள் வகுப்புத் தோழனைப் பள்ளிக்குள் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனுடைய அப்பாவுடையது. 2024 ஜூலையில் பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் நர்சரிக் குழந்தை ஒன்று பையில் கொண்டுவந்த துப்பாக்கியால் பத்து வயதுப் பையன் காயப்பட்டான். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 30ஆவது பிரிவின்படி ஆறு மாதச் சிறை அல்லது 2000 ரூபாய் அபராதம். உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு. எல்லாமே வெடித்த பிறகு வருகிற சட்டங்கள்.

வெடிப்பதற்கு முன்பே கேட்கிற சட்டம் அமெரிக்காவில் 1989இல் ஃப்ளோரிடாவில் வந்தது. ஆமாம், துப்பாக்கியைக் கொண்டாடுகிற அதே நாட்டில்தான். அடுத்தடுத்துச் சில குழந்தைகள் சுடப்பட்டதும் அவசரமாகப் போட்ட சட்டம்: 16 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைக்காதே. இப்படிச் சட்டம் போட்ட 12 மாநிலங்களை 1997இல் ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தற்செயலாகச் சுடப்பட்டு இறப்பது, எதிர்பார்க்கப்பட்டதைவிட 23 சதவீதம் குறைந்திருந்தது. தலைநகர் வாஷிங்டன் இன்னும் கறாராக, வீட்டிலேயே கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும் என்றபோது, 2008இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. திருடன் வந்தால் என்ன செய்வார் என்பது நீதிமன்றத்தின் கவலை. நம்ம ஊர்ப் பன்றிக் கவலையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

இந்தியாவில் அந்தக் கேள்வி காகிதத்தில் வந்தது 2016 ஆயுத விதிகளில். லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். நல்ல விஷயம். 137 வருடம் பிந்தி வந்த நல்ல விஷயம். ஆனால் உறுதிமொழி காகிதத்தோடு நின்றுவிடுகிறது. புதுப்பிக்கும்போது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், பீரோவைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாது.

அரசாங்கத்தால் முடியாத காரியம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் பார்க்கிறோம். தேதி அறிவித்த கையோடு, லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். எந்த எஸ்டேட்டில் எத்தனை, யார் பேரில் என்ற பட்டியல் ஸ்டேஷனில் இருக்கிறது. ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள், முடிவு வந்த பிறகு திருப்பித் தருகிறார்கள். ஓட்டுப்பெட்டிக்காகச் சில வாரம் வீட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துவைக்கிற இந்த ஏற்பாடு பிசகாமல் நடக்கிறது. பள்ளி முழாண்டு விடுமுறைக்கு அப்படி யாரும் கேட்பதில்லை.

நீலகிரியில் இப்போது அதிகம் யோசிக்க வேண்டியது தாத்தாக்களின் துப்பாக்கிகளைப் பற்றி. 70 வயதான லைசென்ஸ்தாரரோ 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தவரோ தன் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம் என்கின்றன 2016 விதிகள். இறந்த பிறகும் வாரிசு விண்ணப்பிக்கலாம். அதுவரை, காலதாமதம் இல்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஆனால் தாத்தா போன வீட்டில் என்ன நடக்கும்? கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகளோடு எல்லோரும் வந்து இறங்குவார்கள். காரியம் முடிய பதினாறு நாள். பீரோ சாவி எங்கே என்று பாட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது, உள்ளே இருப்பது கெட்டித்ததா காலியா என்பது பாட்டிக்கும் தெரியாது.