நூறு வருஷக் கெடுவும் காவிரி வெள்ளமும்

1924 ஜூலை வெள்ளத்துக்கு நூறு வருஷம் ஆகிவிட்டது. "அந்த மாதிரி இனி நம் காலத்தில் வராது" என்கிறார்கள் சிலர். "கெடு முடிந்தது, வந்தே தீரும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே கணக்குக்கு ஒத்துவராத பேச்சு.

அந்த மழைதான் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தையும் மூழ்கடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அவர்களுக்கு அது தொண்ணூற்றொன்பதின் வெள்ளம். மறு வருஷம், 1925-ல், மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. ஓர் ஆற்றின் பெரிய வெள்ளம் எவ்வளவு பெரிதாகலாம் என்று சொல்லும் கணக்கு அணை தொடங்கியபோது உருவாகியிருக்கவில்லை. இங்கே அணை எழும்பிக்கொண்டிருந்த நாளில்தான் இங்கிலாந்தில் அது பிறந்தது. பருத்தி ஆராய்ச்சியில் இருந்த டிப்பெட்டுக்கு நூலைப் பற்றிய கவலை: நூல் அறுவது அதன் மிகப் பலவீனமான இடத்தில்தானே! 1928-ல் அவரும் ஃபிஷரும் சேர்ந்து, ஒரு மாதிரியின் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் எப்படிப் பரவும் என்று எழுதினார்கள். அதை 1941-ல் ஆற்று வெள்ளத்துக்குப் பொருத்தியவர் கும்பெல்.

அடிப்படை நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். நூறு வருஷத்தின் உச்ச வெள்ளங்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள். அடுத்த வருஷத்தையும் சேர்த்தால் 101. எல்லா வருஷமும் ஒரே தன்மை, ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், முதலிடத்துக்கு 101 பேருக்கும் சம உரிமை. ஆகவே அடுத்த வருஷம் பழைய உச்சம் முறியும் வாய்ப்பு 101-ல் ஒன்று. அடுத்த 25 வருஷத்துக்குள் முறிய 125-ல் 25, அதாவது ஐந்தில் ஒன்று. நூறு வருஷத்துக்குள் என்றால் சரிபாதி. நடுவில் கெடு என்று எதுவும் இல்லை.

இதுவரை பரவலின் வடிவம் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு தாண்டும் என்று கேட்டால்தான் அது வேண்டும். கரையை எத்தனை அடி உயர்த்துவது என்பவருக்கோ அந்தக் கேள்விதான் முக்கியம்.

ஆனால் "ஒரே தன்மை" என்பது காவிரியில் நிற்காது. மேட்டூருக்கு மேலே கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகள் பின்னால் வந்தன. பழைய பதிவேடும் புதியதும் ஒரே ஆற்றைப் பற்றியவை அல்ல.

இன்னொன்று. 2018 ஆகஸ்டில் திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலம் சரிந்தது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில், காட்டன் 1836-ல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அந்த வெள்ளம் வரிசையில் 1924-க்கு வெகு கீழே.