புளியந்தோப்பு மருந்தாலையும் குறி தப்பாத குண்டும்

பேசின் பாலத்தைக் கடந்து புளியந்தோப்புக்குச் செல்கிறவர்கள் பவுடர் மில்ஸ் ரோடு என்னும் வீதியைக் கண்டிருப்பார்கள். கிழக்கிந்தியக் கும்பினியின் படைக்கு வெடிமருந்து அரைத்துக் கொடுத்த ஆலைகளின் ஞாபகச் சின்னமாக இன்று எஞ்சியிருப்பது அப்பெயர்தான். வடசென்னையின் தொழிற் சரித்திரத்தை எழுதப் புகுவோர் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில்வண்டியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கும் முந்திய இந்த மருந்துத் தொழிலுக்கு ஓர் அத்தியாயமேனும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்காலத்து மருந்து. கரி எந்த மரத்தினுடையது, அரைப்பு எவ்வளவு நுண்ணியது, மணிகள் ஒரே பருமனுள்ளவையா என்பனவற்றில் சிறிது பேதம் நேர்ந்தாலும், நிறையில் சமமான இரண்டு பொட்டலங்கள் இரண்டு விதமான வேகத்தைக் குண்டுக்குக் கொடுத்துவிடும். வேகம் மாறினால், எவ்வளவு கைதேர்ந்த வீரன் குறி பார்த்தாலும், தொலைவிலுள்ள இலக்கில் ஒரு குண்டு மேலேறியும் மற்றொன்று தாழ்ந்தும் விழும். வெடியுப்பில் சாதாரண உப்பு கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகையால், எண்ணூர் முதல் இராயபுரம் வரை உப்புக் காற்று ஓயாது வீசும் இக்கரையில், வெடியுப்பைக் காய்ச்சிச் சுத்தி செய்வதிலேயே குறியின் நிச்சயம் பாதி அடங்கியிருந்தது.

இந்தச் சூட்சுமத்தைக் கணிதத்தின் ஆட்சிக்குள் கொண்டுவந்த மேதை நம் நாட்டிலேயே உயிர் நீத்தார் என்பதை நம்மில் பலர் அறியார். பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் அந்த ஆங்கிலேயர், 1742-இல் வெளியிட்ட பீரங்கி சாஸ்திர நூலில், கனத்த ஊசல் ஒன்றின்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் விலகிய தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். ஈரம் ஏறிய மருந்து வேகத்தைக் குறைத்துவிடும் என்பதையும் அவரே பரீட்சித்துக் காட்டினார். குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டி, குண்டைச் சுழலச் செய்தால் அது நெறி பிறழாது என்று அவர் வற்புறுத்தியதை, சேனாதிபதிகள் ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவரது நூலை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விரிவுரை எழுதியவர் கணித மேதையான ஆய்லர். கும்பினியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்த ராபின்ஸ், கோட்டைகளைச் சீர்ப்படுத்தும் திட்டங்களில் ஈடுபட்டிருந்தபோதே, 1751 ஜூலையில் காலமானார். சென்னைக் கல்விச்சாலைகளில் அவர் பெயர் கேட்கப்படாதிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தந் தருகிறது.

மருந்து எவ்வளவு செம்மையாயினும், அதைப் பற்றவைக்கும் பொறி தாமதித்தால் பயனில்லை. சிக்கிமுக்கிக் கல்லின் பொறி மழையில் அணைந்துபோகும். விசையை இழுப்பதற்கும் வெடிப்பதற்கும் இடையிலான கணத்தில் கையும் அசையும். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினாலே தீப்பற்றும் ரசாயனத்துக்கு 1807-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அதிலிருந்து பிறந்ததே, தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு. அதன் சுவாலை ஒவ்வொரு முறையும் ஒரே வலிவோடு எழுந்தாலன்றி மருந்து ஒரே விதமாக எரியாது. குண்டின் வேகமும் ஒன்றுபோல் இராது.

1889-இல் ஏபல், டூவர் என்னும் இருவர் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்தைக் கண்டனர். நூலிழைபோல் இழுக்கப்பட்ட அது வேகத்தை வெகுவாக ஒழுங்குபடுத்திற்று; ஆயினும் வெயிலில் காய்ந்த தோட்டாவில் அதன் அழுத்தம் ஏறும், அதன் கடுஞ்சூடு குழலின் வரிகளையும் அரித்துவிடும். இதனால் அதிலிருந்த நைட்ரோகிளிசரினை நூற்றுக்கு 58 பங்கிலிருந்து 30 பங்காகக் குறைக்க நேர்ந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே, குளிர்ச்சி மிக்க அருவங்காட்டில், 1904 முதல் அம்மருந்து உற்பத்தியாகத் தொடங்கியது.

கார்டைட் தோட்டாவின் கேப்பிலிருந்த குளோரேட், எரிந்தபின் ஒருவித உப்பாகக் குழலினுள் படிந்து, கடற்காற்றின் ஈரத்தை ஏற்றுத் துருவை வளர்த்தது. எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது; ஆதலால், சுட்டு முடித்த சிப்பாய் துப்பாக்கிக் குழலில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன் பின்னரே எண்ணெயிட வேண்டும் என்பது படையில் கண்டிப்பான விதியாக இருந்தது.