வெள்ளை பூசின வால்வு றேடியோ

ஊர்காவற்றுறையில புது வீடொன்றில், பழைய வால்வு றேடியோவுக்கு வெள்ளை பெயின்ற் அடிச்சு சோபாவுக்குப் பொருத்தமா வைச்சிருந்தினம். வடிவுதான், இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் இந்தப் பெட்டிகளில் பலதுக்கு வெளியில தெரியிறது முழுப் பலகை இல்லை; ஒட்டுப்பலகையில் ஒட்டின மெல்லிய வால்நட் படலமும் வாணிஷும். ஆழமாத் தேய்ச்சால் போனதுதான்.

1925 இல் கொழும்பில் தொடங்கிய வானொலியை வீடுகளுக்குள் கொண்டுவந்தது இப்படியான பெட்டிகள். 1990 இல் போர் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றதும் ஊமையாகிவிட்டன. சைக்கிள் டைனமோ தரும் 3 வாட் வால்வுக்குக் காணாது. சனம் செய்தி கேட்டது சின்ன ட்ரான்சிஸ்டரில். அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்க, தூக்கக்கூடியதோடு வெளிக்கிட்டார்கள். பாரமான பெட்டி கிடந்தது.

மேற்பலகையில் மண்ணெண்ணெய் விளக்கு வைச்ச வட்டக் கறை இருந்ததாம். அதை மறைக்கத்தான் முதலில் பெயின்ற் வாங்கினவை.