பாத்தியில் விளையாத உப்பு

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏற ஏற, பாத்தியில் நிற்கும் உவர்நீர் சுண்டும். முதலில் மேலே பாலாடைபோல ஒன்று படரும். பிறகு அது உடைந்து அடியில் மணிமணியாக இறங்கும். பலகையால் வாரி வரப்பில் குவித்த பிறகு மிஞ்சுவது கசப்பு நீர். அந்தக் கசப்புக்குள், மனநோய்க்கு மருந்தாகும் லித்தியம் என்ற இன்னோர் உப்புச்சத்தும் கரைந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் அது 0.2 மில்லிகிராம்கூட இல்லை. 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் உள்ள லித்தியத்தைச் சேர்க்க ஏறக்குறைய 300 லிட்டர் கடல்நீர் வேண்டும். ஆகவே குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டால் மனம் தேறும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

லித்தியம் முதலில் அகப்பட்டது கடலில் அல்ல, கல்லில். 1817இல் ஸ்வீடனின் யூட்டோ தீவிலிருந்து வந்த கனிமத்தை ஆராய்ந்த ஆர்ஃப்வெட்சன் அதைக் கண்டறிந்தார். கல்லுக்கான கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. அது யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்று 1859இல் இங்கிலாந்தில் கேரட் என்ற மருத்துவர் அதை மூட்டுவாதத்துக்குப் பரிந்துரைத்தார். டென்மார்க்கின் கார்ல் லாங்கே 1886இல், திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு அதைக் கொடுப்பதைப் பற்றி எழுதினார். பிறகு அறுபது ஆண்டுகள் மருத்துவ உலகம் அதை மறந்தே போனது.

மீட்டவர் ஜான் கேட். ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்தவர். ஊட்டம் குறைந்தால் மனிதனின் மனமும் குலையும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தார். மனநோய்க்கு உடலில் வேர் உண்டு என்ற நம்பிக்கையோடு ஊர் திரும்பினார். மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், புழங்காமல் கிடந்த ஒரு சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். யூரிக் அமிலம் உடலில் என்ன செய்யும் என்று பார்க்க, அதைக் கரைக்க லித்தியத்தைச் சேர்த்துக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். துள்ளும் பிராணிகள் சாதுவாகப் படுத்துவிட்டன. அது மருந்தின் குணமாக இல்லாமல் நஞ்சின் வேலையாகவே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார்கள். வழி தப்பாக இருந்தாலும் வந்து சேர்ந்த இடம் சரி. நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே லித்தியத்தைச் சாப்பிட்டுப் பார்த்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

1948 மார்ச் 29. ஐந்து ஆண்டுகளாக வெறியெழுச்சியில் இருந்த 51 வயது நோயாளிக்கு லித்தியம் கொடுக்கத் தொடங்கினார். ஜூலையில் அந்த மனிதர் வீடு திரும்பினார், பழைய வேலைக்கும் போனார். 1949 செப்டம்பரில் கேட் கட்டுரை வெளியிட்டார். மனச்சோர்வில் இருந்த மூவருக்கு இது பலன் தரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் அதே முதல் நோயாளி, மாத்திரையை நிறுத்தி, நோய் திரும்பி, மறுபடி தொடங்கி, 1950இல் லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். அமெரிக்காவிலும் இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிக்கொண்டு, 1949இல் சிலர் உயிரிழந்தார்கள்.

ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் முறை வந்த பிறகே பயம் குறைந்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ 1954இல் முறையான சோதனை நடத்தினார். அவருடைய சொந்தத் தம்பி ஆண்டுதோறும் மனச்சோர்வில் மூழ்கியவர்; லித்தியம் தொடங்கியபின் அந்தச் சோர்வு வரவில்லை. வெறியெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்கும், சோர்வு மருந்து மட்டும் போதாத சிலருக்குத் துணைமருந்தாகவும் இன்று கொடுக்கிறார்கள். தற்கொலைகளை இது குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. பலருக்குப் பேச்சு சிகிச்சையோ வேறு மாத்திரைகளோ போதும்.

இந்தக் கதையை உப்பளத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்துக்குச் சோடியத்தையும் லித்தியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. லித்தியம் சாப்பிட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் வரப்பில் நின்று உப்பு வாரும் ஒருவருக்கு வேர்வையில் நீரும் உப்பும் போய்விடும். அப்போது உடல் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேற்றுவரை மருந்தாக இருந்த அளவே இன்று நஞ்சாகலாம். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, நடை தள்ளாடி நாக்குக் குழறினாலோ, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தத் தள்ளாட்டம் குடியால் வந்தது என்று வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது லித்தியம் சாப்பிட்டால், தண்ணீரையும் உப்பையும் ஒரே சீராக வைத்திருக்கச் சொல்லுங்கள். கோடையில் என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னும் மருத்துவரையே பார்க்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், செத்துப்போகலாமா என்ற நினைப்போடு யாராவது இருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.