குடிசைகளில் கிடைத்த விடை



காசநோய்க்கு ஒரு காலத்தில் சானடோரியம்தான் வைத்தியம். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. அன்றாடங்காய்ச்சிகளுக்கு இவற்றில் எதுவும் எட்டாது. 1950களில் இந்தியாவில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சொற்பம்.

1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் இணைந்திருந்தன. மருத்துவர், நுண்ணுயிரியலாளர், புள்ளியியலாளர், உணவு ஆய்வாளர், வீடு தேடிப் போகும் செவிலியர் என்று பல துறையினரும் ஒரே கேள்விக்கு விடை தேடினார்கள். நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, மருந்து மட்டும் கொடுத்தால் நோய் குணமாகுமா?

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது வீட்டில். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. முடிவு 1959இல் வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடினார்கள். ஆனால் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சை பரவ இதுவே அடித்தளமானது. எத்தனையோ உயிர்களைக் காத்த ஆய்வு இது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் நம் சேரிகளிலும் தெருக்களிலும் வாழ்வது போன்ற வாழ்க்கை வாழ்ந்தவர்கள்.

ஆனால் இந்த முடிவைத் தவறாகவும் படிக்கலாம். குடிசையிலேயே நோய் குணமாகும் என்றால், குடிசை அப்படியே இருக்கட்டும் என்றாகிவிடும். மருந்து நோயைத் தீர்க்கும். நோய் வரும் வழியை, பசியையும் நெரிசலையும், அது தீர்க்காது.

அந்த இன்னொரு கேள்விக்குத் தெளிவான விடை 2023இல்தான் வந்தது. மங்களூரின் ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும், அதே சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஜார்க்கண்டில் அதை ஆராய்ந்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்களது வீட்டார் 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. அந்த வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல். பல துறைகள் கூடினால் மட்டும் போதாது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

மாணவர்களே, நம்மில் பலர் இன்று அந்தத் துறைகளுக்குள் நுழைந்திருக்கிறோம். ஒப்புதல் படிவத்தோடு யாராவது நம் தெருவுக்கு வந்தால், அல்லது நாமே அதை ஏந்திப் போனால், கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கேள்வியை எழுதியது யார்? விடை இந்தத் தெருவுக்குத் திரும்பி வருமா?