வினாவின் ஏவலும் விடையின் எல்லையும்

தேர்வுத் தாளைப் பெற்ற மாணவன் வினாவில் பொருளை மட்டும் தேடுகின்றான். வினாவின் இறுதியில் நிற்கும் ஏவற்சொல்லை நோக்குவதில்லை. 'கூறுக', 'விளக்குக', 'ஒப்பிடுக', 'ஆராய்க' என்னும் நான்கும் அவனுக்கு ஒன்றே. ஆதலின் தெரிந்த அனைத்தையும் எழுதிவிட்டுப் புள்ளிகளை இழக்கின்றான்.

இச்சொற்கள் ஆங்கிலக் கல்வியோடு வந்தவை என்பாரும் உளர். 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே தமிழ்நாட்டில் எழுத்துத் தேர்வு வலுப்பெற்றது என்பது உண்மையே. ஆயினும், வினாவிற்கேற்ப விடையின் அளவும் அமைப்பும் வேறுபடும் என்னும் தெளிவு தமிழில் மிகப் பழையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அதில் வினா அறுவகைப்படும். அவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. விடை அறிந்த ஆசிரியர் மாணவனை வினவுவது அறிவினா. தேர்வு வினாவும் அதுவே. 'விளக்குக' என வியங்கோளில் வருவது அதன் வடிவம். வினவுவார் விடையை முன்பே அறிந்தவர் ஆகலின், கேட்டதைக் கேட்டவாறு தரும் ஆற்றலே அங்கு அளக்கப்படுகின்றது.

அந்நூல் உரையையும் இரண்டாகப் பகுக்கின்றது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றையும், அவற்றோடு வினாவிடையையும் கொண்டு சூத்திரப் பொருளைக் காட்டுவது காண்டிகை. சூத்திரத்தில் இல்லாதனவாயினும் இன்றியமையாதவற்றைச் சேர்த்து, ஐயமற விரிப்பது விருத்தி. விரிக்கும்போதும் 'இன்றியமையாதவை' என்னும் வேலி உண்டு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. நன்னூலுக்கே ஆறுமுக நாவலர் காண்டிகையுரை செய்தார். சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை செய்ய, சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். நூல் ஒன்று; நோக்கம் வேறாதலின் உரையும் வேறாயிற்று.

இதனை ஜொகூர் மாணவர் அறிந்த பொருளில் காண்போம். 1960களுக்குப் பின் இம்மாநிலத் தோட்டங்கள் பல பால்மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறின. மாற்றத்தின் காரணங்களைக் 'கூறுக' எனின், அவற்றை வரிசைப்படுத்தினால் போதும். 'விளக்குக' எனின், ஒவ்வொரு காரணமும் எவ்வாறு மாற்றத்திற்கு இட்டுச்சென்றது எனச் சான்றுடன் காட்டல் வேண்டும். இரு பயிர்களின் வேலைமுறையை 'ஒப்பிடுக' எனின், பால்வெட்டையும் குலைவெட்டையும் தனித்தனியே எழுதி முடித்தல் ஒப்பீடாகாது. வேலைநேரம், கருவி, உடலுழைப்பு என ஒவ்வொரு கூறிலும் இரண்டையும் எதிரெதிர் நிறுத்தல் வேண்டும். தொழிலாளர் வாழ்வில் இம்மாற்றத்தின் விளைவை 'ஆராய்க' எனின், நன்மை தீமைகளைப் பகுத்து நிறுத்து ஒரு முடிவு கூறல் வேண்டும்.

மலேசியாவின் 2013ஆம் ஆண்டுக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வலியுறுத்திற்று. அத்திறன் நம் வகுப்பறையில் தொடங்கும் இடம் இதுவே. ஆசிரியர் ஒரு பொருளைக் கொடுத்து ஏவற்சொல்லை மட்டும் மாற்றி நான்கு விடைகள் எழுதச் செய்வாராக. ஏவலின் எல்லையை உணர்ந்த மாணவன், தன் அறிவு அனைத்தையும் கொட்டுவதை விடுத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் தருவான்.